எலும்புகள் எழுந்த பிறகு

1

போன வாரம் ஒரு காலை, நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வடக்கே வேறோர் ஊரின் இசைக்குழுவை நடத்துகிறவர் பேசினார். 'எலும்புகள்' என்று நான் எழுதிய இசையை அவர்கள் இந்த வசந்தத்தில் வாசிக்கப் போகிறார்களாம். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"கடைசிப் பக்கத்தை விட்டுவிடலாமா? அந்த இடத்தில் யாரும் எதையும் வாசிப்பதில்லையே. ஜனங்கள் நாங்கள் இடம் தவறிவிட்டோம் என்று நினைப்பார்கள்."

"விட முடியாது" என்றேன்.

"ஏன்?"

"அது கொஞ்சம் நீளமான கதை."

அவர் மரியாதைக்காரர். மேலே கேட்கவில்லை. அவருக்கு நெதர்லாந்துக்காரர்களின் மொழியில் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு நாக்கு வராது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் சில விஷயங்களை அம்பத்தூர்ப் பக்கத்துக்காரர்களிடம்தான் சொல்ல முடிகிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் ஜெயசீலன். இங்கே அந்தப் பெயர் யாருக்கும் வாயில் நுழைவதில்லை. இவர்களுக்கு ஜகரம் யகரம். ஆகவே வந்த முதல் நாளே நான் 'யெயசேலன்' ஆகி, பிறகு தேய்ந்து 'யேயா' ஆகிவிட்டேன். வங்கி அட்டையில் மட்டும் முழுப் பெயர் இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவன். மாலையில் சர்ச்சில் கிளாரினெட் வாசிப்பேன், பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பேன். எங்கள் சர்ச்சுக்கு வந்த நெதர்லாந்து விருந்தாளி ஒருவரின் ஏற்பாட்டில், ஒரு வருடம் தேவாலய இசை படிக்க இங்கே அனுப்பினார்கள். அந்த ஒரு வருடம் முடிவதற்குள் எல்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தேன். அவள் பள்ளி ஆசிரியை. ஊர் இசைக்குழுவில் ஹார்ன் என்ற சுருள் பித்தளைக் குழல் வாசிப்பவள். அவளை மணந்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். பகலில் பழுதான கிளாரினெட்டுகளையும் சாக்ஸஃபோன்களையும் சரிசெய்யும் பட்டறையில் வேலை. இரும்பைத் தொட்ட கை பித்தளையைத் தொடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நாட்டில் சின்னச் சின்ன ஊருக்கும் ஒரு காற்று வாத்தியக் குழு உண்டு. ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர், பல் மருத்துவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து டிரம்பெட், டியூபா, புல்லாங்குழல் என்று ஊதுவார்கள். வயலின் கிடையாது. தாளக் கருவிகளைத் தவிர எல்லாம் மூச்சில் ஓடும் கருவிகள். நான் அவர்களுக்காக எழுதத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த கதைகள் எல்லாம் ஞாயிறு பள்ளியில் கேட்டவை. யோனாவை எழுதினேன். எரிகோவின் மதிலை எழுதினேன். பக்கத்து ஊர்க் குழுக்களும் கேட்டு வாங்கி வாசித்தார்கள்.

மொழிதான் காலை வாரிக்கொண்டே இருந்தது. காற்று வாத்தியக் குழுவுக்கு இவர்கள் சொல்லும் பெயர் நீளமானது. அதில் முன்பாதியை மட்டும் சொன்னால் அது சிறுநீர்ப்பை. எல்ஸின் பெரியப்பா பிறந்தநாள் விருந்தில், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம், "நான் சிறுநீர்ப்பைக்கு இசை எழுதுகிறேன்" என்று கம்பீரமாகச் சொல்லிக்கொண்டு போனேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் மிகவும் கரிசனமாக, "அதற்கு நல்ல கிராக்கி உண்டா?" என்று கேட்டார்.

என் மகள் ரூத்துக்கு இந்தக் கதை தெரியும். விருந்தாளிகள் வந்தால் சொல்லிக் காட்டுவாள், இவர்கள் மொழியில். அப்போதெல்லாம் தமிழில் அவளுக்குத் தெரிந்தது 'வா', 'போ', 'சோறு', 'போதும்'. அதற்கு மேல் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் ஒழுங்காக உட்காரவில்லை. பட்டறை, ஒத்திகை, எழுத்து. பிள்ளைகள் ஒரே நாளில் விலகிப் போவதில்லை. ஒரு நாள் காலையில் நான் தமிழில் கேட்டதற்கு அவள் அவர்கள் மொழியில் பதில் சொன்னாள். நானும் அதே மொழியில் அடுத்த கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியக்கூட இல்லை.

3

என் தகப்பனார் சாலமன் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வீடு அயனம்பாக்கத்தில், ஏரிப் பக்கம். நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். வேலை நேரம் போக, கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பார். சிவப்புக் கோட்டு, தோளில் தங்க ஜரிகை, தலையில் தொப்பி. பூந்தமல்லி சாலையில் மாப்பிள்ளை அழைப்பு போனால் முதல் வரிசையில் அவர் இருப்பார். பஸ்கள் பின்னால் நின்று ஹாரன் அடிக்கும். இவர் திரும்பி, அதே சுரத்தில் ஒரு ஊது ஊதிவிட்டு நடப்பார்.

குரலும் அப்படித்தான். ஏரிக்கரையில் நின்று, "டேய் சீலா, ஊட்டுக்கு வாடா!" என்றால் அக்கரையில் மாடு மேய்ப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் மைக் தேவைப்படாது.

தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்து, மூச்சு அதன் வழியாகப் போய் வரும்படி செய்தார்கள். அதற்குப் பிறகு அவருடைய மூச்சு வாய்க்கு வருவதில்லை. பேச்சு இல்லை; டிரம்பெட்டும் இல்லை. கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று கட்டிக்கொள்வார். உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார். நாங்கள் பார்த்துப் புரிந்துகொள்வோம். வெளியாட்களுக்கு என் அம்மா ரெபேக்கா சொல்லுவாள். திருமழிசைக்காரி; வாய் ஓயாது. "அவரு ஒரு வார்த்த அசைச்சா நான் பத்து வார்த்த சொல்லணும், இல்லன்னா யாருக்கும் புரியாது" என்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் ஞாயிறு. வேண்டாம் என்று சொல்லியும் சர்ச்சுக்கு வந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். கீர்த்தனை தொடங்கியது. எல்லோரும் பாடினார்கள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நைனா உதட்டை அசைத்தார். அப்போது அந்த வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி, ஆனால் தாளத்தோடு. நீள வேண்டிய இடத்தில் நீண்டது. வெட்ட வேண்டிய இடத்தில் நின்றது. பாட்டை எடுத்துவிட்டு மூச்சை மட்டும் மீதி வைத்தது போலிருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். என்னால் பாட முடியவில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து இந்த நாட்டுக்கு வந்தேன். அந்தச் சத்தம் கூடவே வந்தது.

4

இங்கே எங்கள் ஊர்க் குழு தன் ஆண்டுவிழாவுக்குப் பெரிதாக ஒன்று எழுதித் தரும்படி கேட்டபோது, எசேக்கியேல் தீர்க்கதரிசியின் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டேன். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் உலர்ந்த எலும்புகள். தீர்க்கதரிசி பேசப் பேச எலும்போடு எலும்பு சேருகிறது, நரம்பும் தசையும் வருகின்றன, ஆனால் உயிர் இல்லை. பிறகு நான்கு திசையிலிருந்தும் காற்று வந்து ஊத, அவர்கள் எழுந்து நிற்கிறார்கள், மாபெரும் சேனையாக. காற்று வாத்தியக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது?

தொடக்கத்தில், எலும்புகள் கிடக்கும் இடத்தில், நைனாவின் மூச்சை வைத்தேன். எல்லோரும் தங்கள் கருவிக்குள் ஊத வேண்டும், ஆனால் சுரம் எழக் கூடாது. வெறும் காற்று. அந்தக் கீர்த்தனையின் தாளத்திலேயே எழுதினேன். அதன்மேல் மரக்கட்டைகள் கிளிக் கிளிக் என்று தட்டும். முடிவில் சேனை எழுந்து நிற்கும்போது எல்லா டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து ஒரு பெரிய முழக்கம். கேட்டவர்களுக்கு நெஞ்சு நிறையும் என்று எனக்குத் தெரியும்.

விழாவுக்கு நைனாவும் அம்மாவும் வர வேண்டும் என்று எல்ஸ் பிடிவாதமாக இருந்தாள். வருமானச் சான்று, வீட்டுச் சான்று, காப்பீடு, உறுதிமொழி என்று நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தேன். அதெல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம், விசா நேர்காணலில் விண்ணப்பித்தவரே பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. நடந்ததைக் காட்டுப்பாக்கத்துச் சித்தி வீட்டு ஃபோனில் அம்மா சொன்னாள்.

"ஜன்னலுக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு ஒக்காந்துகினு கீது. இன்னாத்துக்குப் போறீங்கன்னு கேக்குது. இவரு ஒதட்ட அசைக்கிறாரு. அதுக்கு இன்னா புரியும்? நான் பின்னாலேர்ந்து ஓடிப்போயி, அவருக்குக் கொரல் இல்லம்மா, நான் சொல்றேன்னேன். இல்லம்மா, அவருதான் சொல்லணுமாம். பாவம், அதுக்கே சங்கடமாப் போச்சி."

"அப்புறம்?"

"உங்க நைனா துணிய எடுத்து ஓட்டையக் காட்டுனாரு. அப்புறம் ரெண்டு கையையும் தூக்கி டிரம்பெட் வாசிக்கிற மாதிரி காட்டுனாரு. புள்ளைன்னு நெஞ்சுல கை வெச்சாரு. பேத்தி இவ்ளோ ஒசரம்னு காட்டுனாரு. அந்தப் பொண்ணு சிரிச்சிட்டு, போயிட்டு வாங்க ஐயான்னு சொல்லிருச்சி."

வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்று தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "இன்னாடா இது, யாராச்சும் செத்துட்டாங்களா? இவ்ளோ அமைதியா கீது?"

அம்மா ரூத்தை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினாள். ரூத் எல்லாவற்றுக்கும் 'போதும்' என்றாள். அம்மாவின் முகம் சுருங்கியது. "உன் பொண்ணுக்கு நம்ம பேச்சே வரலியேடா" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன்.

நைனாவோடு அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் யாரோடும் பேசாதவர், அவளும் தமிழில் பேசாதவள். இருவரும் சமம். சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து மணிக்கணக்கில் விளையாடினார்கள். அவர் ஒரு பொருளைத் தொட்டு உதட்டை அசைப்பார். அவள் அதே மாதிரி அசைப்பாள். தண்ணி, கத்தி, ஜன்னல், மழை. ஒரு வாரத்தில் அவளுக்கு ஐம்பது அறுபது சொல்லாவது தெரிந்திருக்கும். ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். தமிழ் என்பது சத்தமில்லாமல் பேசும் மொழி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"சத்தமாத்தான் சொல்லேன்டி, எனுக்குக் காது கேக்குது!" என்பாள் அம்மா. ரூத் பாட்டியைப் பார்த்து அழகாக உதட்டை அசைத்து, 'மாட்டேன்' என்பாள்.

5

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை பிற்பகல் ஒத்திகைக்கு அவர்களையும் அழைத்துப் போனேன். ஒத்திகைக் கூடம் கால்வாய்க் கரையில் இருக்கிறது. குழுவை நடத்துபவர் வில்லெம்; ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், உயரமானவர். இவர்தான் கண்டக்டர் என்று அம்மாவுக்கு அறிமுகப்படுத்தினேன். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு இல்லாத கண்டக்டரா?" என்று என் காதில் கேட்டாள்.

நைனா முதல் வரிசையில் உட்கார்ந்தார். குளிருக்காகக் கழுத்தில் மஃப்ளர். டிரம்பெட் வாசிக்கும் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு பையன் வால்வுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்துத் தலையசைத்தார்.

தொடங்கும் முன் நான் எழுந்து, முதல் பகுதியை விளக்கினேன். மூச்சுக்கு இவர்கள் சொல் 'ஆதெம்'. பதற்றத்தில், "இங்கே எனக்கு ஆதாம் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையிலிருந்து டியூபாக்காரர், "ஏவாள் வேண்டாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வில்லெம் கோலை உயர்த்தினார். நாற்பது கருவிகளுக்குள்ளிருந்து வெறும் காற்று வந்தது. மரக்கட்டைகள் தட்டின. நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. பாலைவனம் மாதிரி இருந்தது.

நைனா எழுந்தார். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஹார்ன் வரிசையிலிருந்து எல்ஸ் பார்த்தாள். நான் பின்னால் ஓடினேன்.

கால்வாயை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பி, நான் படிக்கும்படி உதட்டை மெதுவாக அசைத்தார்.

"அந்த மூச்சு யார்து?"

மறைத்து என்ன செய்ய? "உங்களுதுதான் நைனா."

"எலும்புக்கா குடுத்த?"

நான் பார்த்துக்கொண்டே இருக்க, அவர் உதடு வேகமாக அசைந்தது.

"பைபிள்ல அந்த அதிகாரம் எனுக்கும் தெரியும்டா. மொதல்ல எலும்பு. அப்புறந்தான் உசுரு வருது. உசுரு வர்றதுக்கு முன்னால கொண்டாந்து என்னிய வெச்சிகிற."

"நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மொதல் ஞாயிறு, சர்ச்சுல கேட்டது நைனா அது. எனக்கு அன்னிக்குத் தாங்க முடியல. பாட்டே போயிடுச்சே, காத்துதான் மிச்சம்னு தோணுச்சு. அதத்தான் எழுதினேன்."

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு படகு போயிற்று. மூச்சு வேகமாக வந்து போவது கேட்டது. பிறகு என் முழங்காலைத் தட்டித் தன் முகத்தைப் பார்க்கச் சொன்னார்.

"துக்கம் உன்க்கு. நான் அன்னிக்கிப் பாடிகினு இருந்தேன்."

"நைனா..."

"பொழச்சி வந்துட்டேன்னு பாடிகினு இருந்தேன். கேட்டல்ல? தாளம் தப்புச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?"

பத்து வருடமாக அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் ஒரு சாவு போலச் சுமந்துகொண்டிருந்தேன். அவருக்கு அது ஈஸ்டர். சர்ச்சில் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறோம், இரண்டு பேரும் இரண்டு ஆராதனைக்குப் போய் வந்திருக்கிறோம்.

"வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்தார். "மீதியையும் கேக்கறேன்."

உள்ளே போனோம். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். நைனா அசையாமல் கேட்டார். எலும்புகள் சேர்ந்தன, காற்று வந்தது, சேனை எழுந்து நின்றது, கடைசி முழக்கம் கூரையை அடைந்து ஓய்ந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, உள்ளங்கையால் காற்றில் ஓர் இடத்தை அழுத்திக் காட்டினார். இங்கே. இதற்குப் பிறகு அந்த மூச்சை வை.

6

வில்லெமிடம் சொன்னபோது அவர் கோலை மேஜையில் வைத்தார்.

"யேயா, இரண்டு வாரம்தான் இருக்கிறது. அது மட்டுமில்லை. பெரிய சத்தத்தில் முடிந்தால்தான் ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். நீ அதற்குப் பிறகு அவர்களை மூச்சுவிடச் சொல்கிறாய். எப்போது கைதட்டுவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமலே இருக்கட்டும்."

"குழு என்ன சொல்லும்?"

அதற்கு எல்ஸ்தான் பதில் சொன்னாள். "ஒருமுறை வாசித்துப் பார்ப்போம் வில்லெம். சரியில்லை என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்."

அந்த வாரம் பட்டறையிலிருந்து வந்ததும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கருவிக்கும் புதிய பக்கம் எழுதினேன். தொடக்கத்தில் மூச்சை எடுத்துவிட்டேன். எலும்புகளுக்கு மரக்கட்டைகளும் மௌனமும் போதும். கடைசி முழக்கத்துக்குப் பிறகு, கீர்த்தனையின் நாலு அடிக்கு மூச்சு. ரூத்தும் நைனாவும் மேஜையின் மறுமுனையில் சத்தமில்லாமல் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஒத்திகையில் அந்தப் பக்கம் மோசமாக வந்தது. எலும்புகளுக்கு எழுதியபோது பொருந்திய அதே தாளம், முழக்கத்துக்குப் பிறகு பொருந்தவில்லை. ஆளுக்கொரு பக்கம் மூச்சுவிட்டார்கள்.

"மாடிப்படி ஏறி வந்தவர்கள் மாதிரி இருக்கிறது" என்றார் வில்லெம். அவர் சொன்னது சரி.

"இது ஒரு பாட்டு. உள்ளுக்குள் பாட வேண்டும்" என்றேன். அந்தப் பாட்டு அவர்களுக்குத் தெரியாதே. நான் பாடிக் காட்டினேன். எனக்குக் குரல் சுமார். பாதியில் சுருதி இறங்கியது. யாரோ இருமினார்கள்.

"நவுரு" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

எழுந்து வந்தாள். நைலக்ஸ் புடவைக்கு மேல் எல்ஸின் பழைய கோட்டு, காலில் இரண்டு ஜோடிக் காலுறை. என் அம்மா தனியாகப் பாடி நான் கேட்டதில்லை. நைனாவின் குரலுக்குப் பக்கத்தில் நின்று பாடியவளின் குரல் எப்படிக் கேட்கும்? குழுவைப் பார்த்து நின்றுகொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, முழுக் கீர்த்தனையையும் பாடினாள். அயனம்பாக்கத்தில் பாடுகிற மாதிரியே, உச்சரிப்பில் ஒரு மரியாதையும் இல்லாமல், தாளத்தில் ஒரு மயிரிழையும் பிசகாமல். ரொட்டிக் கடைக்காரர் டிராம்போனை மடியில் வைத்துவிட்டார். பாடி முடித்ததும் வில்லெமைப் பார்த்து, "இப்ப ஊதச் சொல்லு, கண்டக்டரு" என்றாள்.

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வில்லெம் கோலை எடுத்தார். இந்த முறை நாற்பது பேரும் ஒரே பாட்டை மூச்சில் பாடினார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நைனா அம்மாவைப் பார்த்து ஏதோ அசைத்தார். "இன்னாவாம்?" என்று கேட்டேன்.

"இத்தினி வருசம் எங்க ஒளிச்சி வெச்சிருந்தன்னு கேக்கறாரு" என்றாள் அம்மா. "நீங்க எடம் குடுத்தீங்களா?" என்று அவரிடம் ஒரு அதட்டல்.

7

விழா ஞாயிறு பிற்பகல், ஊர் தேவாலயத்தில். வெளியே நல்ல வெயில். இங்கே அது ஒரு செய்தி. ஊரே வந்திருந்தது. நைனா பூந்தமல்லியில் தைத்த சாம்பல் நிறக் கோட்டில் முதல் வரிசையில் இருந்தார். இந்த முறை மஃப்ளர் இல்லை. வெள்ளைத் துணி மட்டும். அவருக்கு ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் ரூத். நான் பக்கவாட்டில் ஒரு தூணோடு நின்றேன். உட்கார முடியவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. எலும்புகள் கிடந்தன, சேர்ந்தன, காற்று வந்தது. டிரம்பெட்காரர்கள் எழுந்து நின்று ஊதினார்கள். கடைசி முழக்கத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முன்வரிசையில் சிலர் கைதட்டக் கையைத் தூக்கினார்கள். வில்லெம் இடது கையை உயர்த்தி அப்படியே நிறுத்தினார். தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன.

அந்த அமைதிக்குள் மூச்சு வந்தது. முதல் அடி. இரண்டாம் அடி. கல் கட்டடம் என்பதால் ஒவ்வொரு மூச்சும் மேலே ஏறித் திரும்பி வந்தது. நாலாம் அடி முடிந்தது. வாசிப்பவர்கள் கருவிகளை உதட்டிலிருந்து எடுத்தார்கள். வில்லெம் கையை இறக்கப் போனார்.

மூச்சு நிற்கவில்லை.

எங்கள் சர்ச்சில் அந்தக் கீர்த்தனையின் கடைசி அடியை இரண்டு முறை பாடுவோம். ஒத்திகையில் அம்மாவும் அப்படித்தான் பாடினாள். நான் ஒருமுறைதான் எழுதியிருந்தேன். மனசில் ஏன் விட்டுப்போயிற்று என்று தெரியவில்லை. நைனாவுக்கு விட்டுப்போகவில்லை. முதல் வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்து, கடைசி அடியை இரண்டாம் முறை அவர் தனியாகப் பாடினார். கழுத்துத் துணி உப்பி உப்பி அடங்கியது. அந்தப் பெரிய கட்டடத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் அது கேட்டிருக்கும்.

வில்லெமின் கை மேலேயே இருந்தது. அவர் திரும்பி, நைனாவைப் பார்த்து, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். நீள வேண்டிய இடத்தில் நீண்டு, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. அதன் பிறகுதான் கையை இறக்கினார்.

கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது, நான் எந்த முழக்கத்துக்கும் கேட்டிராத மாதிரி வந்தது.

பிறகு காப்பி, கேக், கைகுலுக்கல். ஊர்க்காரர்கள் வரிசையாக நைனாவிடம் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். பலர் அவர்தான் இசையை எழுதியவர் என்றே நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. அம்மா ஒவ்வொருவருக்கும் அவர் சார்பில் தமிழில் நீளமாக நன்றி சொன்னாள். கடைசிப் பக்கத்தில் நான் பிறகு இரண்டாம் முறையையும் சேர்த்து எழுதிவிட்டேன். அச்சான பிரதியில் இருப்பது அதுதான்.

கூட்டம் குறைந்ததும் நைனா என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அருகில் போய் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா வந்துச்சி" என்றார். "அடுத்து இன்னா எழுதப் போற?"

"தெரியல நைனா. யோபுவ எழுதலாமான்னு பாக்கறேன்."

எல்லாம் இழந்து, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்தவரின் கதை அது; நைனா முகத்தைச் சுளித்தார். "எலும்பு, சொறி, சாம்பல். வேற ஒண்ணும் உன் கண்ல படாதா?"

"நீங்களே சொல்லுங்க."

யோசிக்கவே இல்லை. "கானா ஊர் கல்யாணம்."

"அதுல என்ன நைனா இருக்கு? கல்யாணத்துல ரசம் தீந்துபோச்சு, இயேசு தண்ணிய திராட்சரசமாக்கினாரு. அவ்வளவுதான்?"

"கல்யாண ஊட்ல பேண்டு இல்லாமயா இருந்திருக்கும்?" உதடு படபடவென்று அசைந்தது, பிடித்துக்கொள்ள எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "மாப்ள அழைப்புலேர்ந்து ஆரம்பி. ரசம் தீந்துபோனது ஆரம்பத்துல யாருக்கும் தெரியக் கூடாது. பேண்டுகாரனுக்குத்தான் கடைசில சாப்பாடு, அவனுக்குத்தான் மொதல்ல தெரியும். அங்கேர்ந்து எழுது. சத்தமா எழுது. அக்கரையில மாடு திரும்பிப் பாக்கணும்."

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு டிரம்பெட் போதவில்லை. ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்.